முதலில் கத்தியைக் கழற்றுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுத்த வாப்பாமார் கடைசி வரை வாசியுங்கள்.

போன பெருநாளுக்கு மறுநாள், என்னிடம் படிக்கிற பதினோராம் தர மாணவன் ஒருவன் மெயின் ரோட்டில் கூட்டாளிமாரோடு ரேஸ் ஓடி விழுந்தான். தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "ரேஸ் எண்டா இப்பிடித்தான் சேர்" என்று சிரித்தான். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

ஊன்றுகோலோடு அவன் வகுப்புக்கு வந்த அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, புல்வெட்டும் மெசின் ரேஸ் பற்றிச் சொன்னேன். தோளில் மாட்டுகிற மெசின் இல்லை, ஏறி இருந்து ஓட்டுகிற சின்ன டிரக்டர் மாதிரியானது. வகுப்பே சிரித்தது.

1973இல் இங்கிலாந்தின் விஸ்பரோ கிரீன் என்ற கிராமத்தில் தொடங்கியது. கார் ரேஸுக்குச் செலவு கூடிவிட்டது, சாதாரண ஆள் எதில் ஓடுவது என்று யோசித்தவர்களுக்கு வீட்டுக் கொட்டிலில் நின்ற மெசின் கண்ணில் பட்டது. காசுப் பரிசு இல்லை. போர்முலா வன் ஓடிய ஸ்டெர்லிங் மொஸ்கூட இதில் ஓடியிருக்கிறார்.

அவர்களின் முக்கியமான சட்டம், கத்தியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட வேண்டும். பிறகு வகுப்புப் பிரிப்பு. பின்னால் ஓடித் தள்ளுகிற மெசின் ஒரு வகுப்பு, ஏறி ஓட்டுகிறது இன்னொன்று. அமெரிக்காவில் 1992இல் சங்கம் வந்தது. அங்கே கை வைக்காத மெசினும் எஞ்சினை மாற்றிய மெசினும் ஒன்றாக ஓட முடியாது. ஹெல்மட் கட்டாயம். ஓட்டுபவரின் உடம்பில் ஒரு கயிறு, மறுமுனை எஞ்சினில். ஆள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

ஏன் இவ்வளவு? அந்த மெசின் மெதுவாகப் புல் வெட்டச் செய்தது. உயரமான இருக்கை, கிட்டக் கிட்டச் சில்லுகள், ஸ்பிரிங் கிடையாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சில்லு எழும்பும். அதனால் ஓட்டுபவர் வளைவின் உள்பக்கம் சரிந்து தன் பாரத்தைப் போடுவார். பெல்ட் ஓடுகிற கப்பியை மாற்றினால் வேகம் கூடும், ஆனால் பிரேக் பழையதுதான். வேகத்தைக் கூட்ட அனுமதித்தால் நிறுத்துவதற்கும் சட்டம் போட வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்குக் கிட்டிய சாமான் லேண்ட்மாஸ்டர். சின்ன வயதில் நான் வாப்பாவின் லேண்ட்மாஸ்டரை வட்டையில் ஓட்டியவன். வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கும்போது இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தேன், அது வலப்பக்கம் திரும்பி என்னை வாய்க்காலுக்குள் தள்ளியது. சமதரையில் பிடித்த பக்கம் திரும்பும். இறக்கத்தில் பிடித்த பக்கச் சில்லு விடுபட்டு ஓடும், மற்றச் சில்லை எஞ்சின் பிடித்து வைக்கும், அதனால் எதிர்ப்பக்கம் திரும்பும். வாப்பாவுக்கு இது தெரியும். எனக்குச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை.

"அறுவடை முடிந்த வட்டையில் லேண்ட்மாஸ்டர் ரேஸ் வைத்தால் என்ன சட்டம் போடுவீர்கள்?" என்று கேட்டேன். ரோட்டரியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். பெட்டி பூட்டினது வேறு வகுப்பு. இறக்கத்தில் ஓடக்கூடாது. "பார்க்க வந்தவர்கள் எங்கே நிற்பது?" என்றேன். யாரும் யோசிக்கவில்லை. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்ததைச் சொன்னேன். 7 பேர் மௌத்தானார்கள், அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. வகுப்பு அமைதியானது.

அப்போது ஊன்றுகோல்காரன் கை உயர்த்தினான்.

"ஒருத்தன் விழுந்தா மத்த எல்லாரும் நிப்பாட்டணும் சேர்."

மோட்டார் ரேஸில் அந்தச் சட்டம் இருக்கிறது, சிவப்புக் கொடி காட்டினால் எல்லோரும் வேகத்தை விட வேண்டும் என்றேன்.

"அண்டைக்கு யாரும் நிக்கல்ல சேர்" என்றான். ஆஸ்பத்திரியில் சிரித்த பிள்ளை இப்போது சிரிக்கவில்லை. அவனோடு ஓடிய இருவர் அதே வகுப்பில் தலை குனிந்து இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு வேகம் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அதை ஹராம் மாதிரிப் பேசி நிறுத்த முடியாது. ஆனால் அங்கே ரேஸுக்கு முன் கழற்றுவது கத்தியை, எங்கள் பிள்ளைகள் கழற்றுவது சைலன்சரையும் பக்கக் கண்ணாடியையும். வயல் வைத்திருப்பவர்களே, விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாரே, அடுத்த பெருநாளுக்கு முன் ஒரு வெறும் வட்டையைத் தாருங்கள். கயிறு கட்டி, ஹெல்மட் போட்டு, கொடி பிடித்து மெதுவான வகுப்பு ஒன்றைத் தொடங்குவோம். கொடி பிடிக்க ஆள் தயார். கேட்டுவிட்டேன், ஊன்றுகோலோடு வருகிறானாம்.