கெட்ட இரத்தம் அல்ல

முல்லைத்தீவில் ஓர் அக்காவின் வீட்டில் ஒருநாள் மதியம் சாப்பிட்டேன். இறால் கறி. இருவரும் ஒரே சட்டிக் கறியைத்தான் சாப்பிட்டோம். சற்று நேரத்தில் அக்காவுக்கு உடம்பெல்லாம் தடித்துக் கடித்தது. எனக்கு ஒன்றுமில்லை. “கெட்ட இரத்தம்” என்றார் அவரின் மாமி. அக்கா தலைகுனிந்தார்.

சகோதரிகளே, அது கெட்ட இரத்தம் அல்ல. இறாலின் புரதத்தை என் உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களும் காண்கின்றன. ஆனால் அவற்றை அடக்கிவைக்கும் கலங்கள் எனக்குள் உண்டு. அக்காவின் உடம்போ அதே புரதத்தைப் பகையென எண்ணி, ஐஜிஈ என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. இதை 1966 இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா தம்பதியர். இது தோலிலும் குடலிலும் சுவாசப்பையிலும் உள்ள மாஸ்ட் கலங்களில் ஒட்டியிருக்கும். மறுபடி இறால் சாப்பிட்டதும் அக்கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பும் கடியும் அதனால்தான்.

எவ்வளவு அவித்தாலும் அந்தப் புரதத்தின் தன்மை போகாது. நண்டிலும் அதே வகைப் புரதம் உண்டு. நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்து.

டொக்டரிடம் காட்டி, அக்காவின் கிளினிக் கொப்பியில் எழுதுவித்தோம். இப்போது மாமியே அவருக்கு வேறாகக் கறி வைக்கிறார்.