"அன்டவுட்டட்லி"க்கு ஒரு சிவப்பு வட்டம்

எங்க திருவேங்கடம் டீக்கடையில் பெரியவர் ஒருத்தர் பேச ஆரம்பித்தால் முதல் வரி எப்பவும் ஒன்றுதான்: "சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய..." நடுவில் "நான் என்ன சொல்ல வாரேன்னா". எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்". மழை, பருத்தி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் இந்த மூன்றும் வந்துவிடும். விஷயத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற இந்தச் சொற்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மெட்டாடிஸ்கோர்ஸ்!

பயப்பட வேண்டாம் மக்களே, பெயர்தான் பெருசு. ஜெல்லிக் ஹாரிஸ் 1959ல் உண்டாக்கிய சொல். கென் ஹைலண்ட் 2005ல் இதே பெயரில் ஒரு புத்தகம் போட்டு, இதை இரண்டாகப் பிரித்தார். "முதலாவதாக", "மேலே சொன்னபடி", "அதாவது" என்று வழி காட்டுபவை ஒரு வகை. "ஒருவேளை", "நிச்சயமாக", "நீங்களே யோசியுங்கள்" என்று எழுதுகிறவர் தலையை நீட்டி வாசகரோடு பேசுபவை இன்னொரு வகை.

சரி, என் கதைக்கு வருகிறேன். (இதுவும் மெட்டாடிஸ்கோர்ஸ்தான் :) )

போன மாதம் என் ப்ராஜெக்ட்டின் முதல் அத்தியாயம் கைடிடமிருந்து திரும்பி வந்தது. "அன்டவுட்டட்லி" வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். "இட் இஸ் எ வெல் நோன் ஃபேக்ட்" பக்கத்தில் "யார் சொன்னது?" என்று கேள்வி. கடைசியில், படிப்பவர் மறுத்துப் பேச நீ இடமே தரவில்லை என்று எழுதியிருந்தார். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மரியாதை தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

கோபத்தில் தேடிப் படித்தேன். ஹைலண்டும் ஜான் மில்டனும் 1997ல் ஹாங்காங் மாணவர்களின் தேர்வுக் கட்டுரைகளை பிரிட்டிஷ் மாணவர்களுடையதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஹாங்காங் பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். கொஞ்சம் சொற்களையே திரும்பத் திரும்பப் புழங்குகிறார்கள். அப்படியே நான்! பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரையில் "பெர்ஹாப்ஸ்" எங்கே இருந்தது? "நவடேஸ்" என்று ஆரம்பித்து "லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்" என்று முடித்தால் மார்க். தயங்கி எழுதினால் படிக்காதவன் என்று அர்த்தம்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இங்கிலீஷ்காரர் கட்டுரையை அளவுகோலாக வைத்து எண்ணினால் நம்மிடம் குறை மட்டும்தான் தெரியும். டீக்கடைப் பெரியவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். பவணந்தியாரும் வரமாட்டார். 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் அவர் சொல்லும் 32 உத்திகளில் "உரைத்தும் என்றல்" ஒன்று, அதாவது பின்னால் சொல்வேன் என்று சொல்லி வைப்பது. "உரைத்தாம் என்றல்" இன்னொன்று, முன்பே சொல்லிவிட்டேன் என்பது. இவற்றை ஹைலண்ட் எண்டோஃபோரிக் மார்க்கர் என்கிறார். தொல்காப்பியர் அடிக்கடி "என்மனார் புலவர்" என்று முன்னோரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாரே, அதுவும் இந்தக் குடும்பம்தான். எங்க கைடு அவரிடம் "யார் சொன்னது?" என்று கேட்டிருக்க முடியாது.

அந்த 32ல் கடைசி, "உய்த்துணர வைப்பு". வெளிப்படையாகச் சொல்லாமல் வாசகரே ஊகிக்கட்டும் என்று விடுவது. ஆகா, என் அத்தியாயம் அந்த உத்தி என்று வாதாடலாமா என்றுகூட யோசித்தேன். ஜான் ஹைண்ட்ஸ் வேறு 1987ல், புரிந்துகொள்ளும் பொறுப்பை ஆங்கிலம் எழுதுகிறவரிடம் வைக்கிறது, ஜப்பானியம் வாசகரிடம் வைக்கிறது என்று எழுதியிருக்கிறார். மனசாட்சி விடவில்லை. நான் என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியாத இடங்களில்தான் "அன்டவுட்டட்லி" போட்டிருந்தேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 2002ல் வந்த தன் புத்தகத்தில், போர்க்காலத்தில் தாளுக்கும் மின்சாரத்துக்கும் திண்டாடிய அறிஞர்களை மேலைநாட்டு ஆய்விதழ்களின் எழுத்து வழக்கங்கள் எப்படி வெளியே நிறுத்தின என்று சொல்கிறார். அந்த வழக்கங்களைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை. கற்றுக்கொண்டு, அதற்குள் நம் குரலையும் நுழை என்கிறார்.

நேற்று ராத்திரி முதல் பத்தியைத் திருத்த உட்கார்ந்தேன். கிராமத்து மாணவர்கள் ஆங்கிலத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி பலவீனமானவர்கள் என்று எழுதியிருக்கிறேன். நானே! அதை அடித்துவிட்டு, "நான் படித்த பள்ளியில் பார்த்த வரைக்கும்" என்று ஆரம்பித்திருக்கிறேன். மீதி வாக்கியம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை கைடிடம் காட்டணும்.