பீரோவில் கிடந்த தேறல்

நாங்கள் இருவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். இருபது ஆண்டுகளாகப் புறநானூறு நடத்திவருகிறோம். ‘தேறல்’ என்ற சொல் வரும்போதெல்லாம் ‘கள்ளின் தெளிவு’ என்று பொருள் சொல்லிவிட்டு, கடைசி வரிசைச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். டாஸ்மாக் வாசலைத் தாண்டித்தான் வகுப்புக்கு வருகிறார்கள் பிள்ளைகள். அவர்களிடம் அதியமானும் ஔவையும் கள்ளுண்டதை விரித்துரைக்க யாருக்குத் துணிவு வரும்?

2017-இல் ஒரு மாணவர் எங்களை அப்படி நகரவிடவில்லை. இராமநாதபுரம் பக்கத்துப் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை. பாடம், பாரியின் நாட்டைக் கபிலர் பாடும் 120-ஆம் பாட்டு. நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குடிசைதோறும் கொடுக்கும் வளம் அதில் வருகிறது. “ஐயா, காலையில் இறக்கிய கள் மறுநாளே புளித்துப் போகும். இன்னும் விட்டால் காடிதான். மண்ணில் புதைத்தால் மட்டும் எப்படி நிற்கும்?” என்று கேட்டார். அன்று வகுப்பில் நின்றது எங்களில் யார் என்பது முக்கியமில்லை. இருவருக்குமே விடை தெரியாது. ‘முதிர்ச்சிக்காகப் புதைப்பது’ என்று மழுப்பினோம். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் முகம் ஒப்பவில்லை.

அதே ஆண்டு எங்கள் புதுமனை புகுவிழாவுக்குப் புதுச்சேரியிலிருந்து மாமா வந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆண்டுக்கொரு முறை பிரான்சுக்குப் போய்வருபவர். பித்தளைக் குத்துவிளக்கோடு, வேட்டித்துணியில் சுற்றிய ஒரு புட்டியையும் கையில் கொடுத்தார். (எந்த விதிப்படி அது எல்லை தாண்டி வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.) ஷாப்ளி என்னும் வெள்ளை ஒயின், 2014-ஆம் ஆண்டு விளைச்சல். “இப்ப தொறந்துடாதீங்க மாப்பிள்ளை. ஆறேழு வருஷம் படுக்கப் போட்டு வைங்க. அப்பத்தான் அது பேசும்.”

ஷாப்ளி, பர்கண்டி நாட்டின் வடகோடியில் உள்ள சிற்றூர். பழங்காலக் கடற்சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்பு மண். வசந்தத்திலும் உறைபனி விழுந்து தளிரைக் கருக்கும் குளிர். அங்கே விளையும் ஷார்தொனே திராட்சை நம் கம்பத்துப் பன்னீர்த் திராட்சைபோல வெயிலில் கனிந்து குழைவதில்லை. புளிப்பை விடாமல் பிடித்துக்கொண்டே பழுக்கிறது. பிறகு அதன் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து மதுவாகிவிடுகிறது. இனிப்பு ஒழிந்த இந்த நிலையைப் பிரெஞ்சுக்காரர் ‘செக்’, அதாவது உலர்ந்தது, என்கிறார்கள். நீர்மப் பொருள் ஒன்றை உலர்ந்தது என்பது முதலில் எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது.

புட்டியைப் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, பீரோவின் அடித்தட்டில் படுக்கவைத்தோம். படுக்கவைத்தால்தான் தக்கை ஈரம் காயாமல் காற்றை அடைக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். உறவினர் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் காரணம். ஏழு சித்திரைத் திருவிழாக்கள் போயின. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் அந்த இரும்புப் பீரோவைத் தொட்டால் கை சுடும். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

2024 பொங்கல் விடுமுறையில் புட்டியைப் புதுச்சேரிக்கு எடுத்துச் சென்றோம். மாமா தம் வீட்டில், 13 பாகையில் நிலைநிறுத்திய சிறு குளிர்பெட்டியில் கிடந்த அதே 2014-ஐயும் எடுத்தார். இரண்டையும் அருகருகே திறந்தார்.

அவருடையது வெளிர்பொன் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சைத் தோல், கோடை மழையின் முதல் துளி பட்ட சுண்ணாம்புச் சுவர், அதற்கும் அப்பால் எங்கோ ஒரு துளி தேன். வாயில் வைத்ததும் தேன் காணாமல் போயிற்று. நாவின் இரு விளிம்பிலும் சுருக்கென்று ஒரு கொட்டு. அது இறங்கிய பின் மெல்லிய உப்பு. விழுங்கி நெடுநேரம் ஆகியும் வாயில் அது நின்றது.

எங்களுடையதில் தக்கை சற்று மேலேறியிருந்தது. வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். தணியும்போது காற்றை உள்ளே இழுக்கும். நிறம் தேயிலை வடிநீர். மணம், நறுக்கி மறந்துபோன ஆப்பிள். சுவை என்று சொல்ல எதுவும் இல்லை. மாமா ஒரு மடக்கு வைத்துப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சு மாப்பிள்ளை” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம்.

ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, ஒரே பத்து ஆண்டுக் காலம். காலம்தான் முதிரவைக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதே காலம் எங்கள் பீரோவில் அதைக் கொன்றிருக்கிறது.

மறுநாள் காலை அரிக்கமேட்டுக்குப் போனோம். 1945-இல் வீலர் அகழ்ந்த இடம். அங்கு கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கோஸ் தீவின் சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். சாடிகளின் உட்புறம் பிசின் பூசுவதும் அக்கால வழக்கம். கெடாமல் காக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்திலும் இத்தகைய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. யவனர் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பருகி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது 56-ஆம் பாட்டில். அந்தக் ‘குளிர்’ வெறும் அடைமொழி என்றே இதுநாள்வரை சொல்லிக்கொடுத்திருந்தோம். இத்தனை கடல் தாண்டி அதை மதுரை வெயிலில் குளிர்ச்சியாக நீட்டுவது எத்தனை பெரிய செல்வம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்று. 392-ஆம் பாட்டில் ஔவையார், நாட்பட்ட தேறலுக்குத் தேள் கொட்டுவதை உவமை சொல்கிறார். போதையின் கடுமை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தோம். நாவின் விளிம்பில் பட்ட அந்தக் கொட்டுக்குப் பிறகு, அது சுவையைச் சொன்னதாகவும் இருக்கலாமே என்று படுகிறது. வற்புறுத்தமாட்டோம்.

ஊர் திரும்பியதும் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டோம். மதுரையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பதின்மூன்று பாகை கிடைக்காது. ஆண்டுச் சராசரி வெப்பமான இருபத்தெட்டை ஒட்டியே மண் இருக்கும் என்றார். ஆனால் பகலுக்கும் இரவுக்கும், சித்திரைக்கும் மார்கழிக்கும் அது அசையாது. ஏறி இறங்கி மூச்சுவிடாத வெப்பம். காற்றுப் புகாத மூடிய கலம். பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலைச் சரிவில் மண் இன்னும் கொஞ்சம் தணிவாகவே இருக்கும். புதைத்தது பனங்கள்ளாக இராது, தேனோ அரிசியோ சேர்ந்த கடுமையான மதுவாக இருக்கும் என்பது எங்கள் ஊகம்.

அந்த மாணவர் இப்போது சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். தொலைபேசியில் அழைத்து, ஏழாண்டுக்கு முந்தைய கேள்விக்கு இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கள் தாத்தாவும் பானையை மணலுக்குள்தான் ஐயா வைப்பார். அன்றைக்கே சொல்ல நினைத்தேன், நீங்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டீர்கள்” என்றார்.

மாமாவிடம் 2014 இன்னும் ஒன்று இருக்கிறது. கொண்டுபோகச் சொன்னார். மறுத்துவிட்டோம். எங்கள் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி, அவர் குளிர்பெட்டியிலேயே விட்டுவந்திருக்கிறோம்.