தண்ணீர் விட்டு அறுக்கும் கல்

பலமனேரில் புதிதாக எழும் வீடுகளின் முன்வாசலில் இப்போதெல்லாம் பேவர் பிளாக்தான். முழுக் கல்லைப் பதிப்பது சுளுவான வேலை. கிரஷர் தூளைக் கொட்டிச் சமன்படுத்தி, நூல் பிடித்து, வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம். சுவரோரமும் சாக்கடை மூடியும் வரும்போதுதான் கை தேர்ந்தவர் யார் என்பது தெரியும். அங்கே கல்லை அறுத்தாக வேண்டும். அந்த அறுப்பைப் பார்க்கத்தான் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டு வேலைக்குப் போனேன்.

மேஸ்திரிக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரரிடம் தெலுங்கு, தன் ஆட்களிடம் தமிழ். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை பலமனேர் வட ஆற்காட்டின் தாலுகாவாக இருந்தது. அந்தத் தமிழ் இன்னும் இங்கே வேலைத்தளங்களில் புழங்குகிறது.

அவர் கையில் இருந்தது ‘மார்பிள் கட்டர்’. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைர பிளேடு சில நூறு ரூபாய். ஒரு தலைமுறைக்கு முன்னால் கல்லை நேராக அறுக்க வேண்டுமானால் கிரானைட் பட்டறைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். இல்லையென்றால் உளியால் கொத்திக்கொண்டு உட்கார வேண்டும். இன்று தினக்கூலிக்குப் போகும் இளைஞன்கூடச் சொந்த மெஷின் வாங்கித் தனியாக வேலை பிடிக்கிறான். இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன்.

மெஷின் இருந்தால் போதாது. 110 மில்லிமீட்டர் பிளேடு கல்லுக்குள் முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டர்தான் இறங்கும். கார் நிற்கும் வாசலுக்குப் போடும் கல்லின் கனமோ 60 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பக்கம் அறுத்து, புரட்டிப் போட்டு, மறுபக்கமும் அறுக்க வேண்டும். இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்காவிட்டால் விளிம்பு பல்லிளிக்கும். மேஸ்திரி கல்லைச் சுற்றி நாலு பக்கமும் ஆணியால் கீறிக்கொண்டார். சாக்பீஸ் கோடு தண்ணீரில் போய்விடுமாம். முதல் இழுப்பில் மேலோட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்திலேயே அடுத்தடுத்து ஆழமாக இறக்கினார்.

“அமுக்கக் கூடாது சார். மெஷினு தானா எறங்கணும். அமுக்குனா பிளேடு கோணிக்கும், கைய உதறும்.”

நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் பிளேடு அது. அதன் விளிம்பு மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கோணலாகச் சிக்கினால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும். பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நடுவில் பிளேடு அறுக்காமல் வழுக்க ஆரம்பித்தது. அதன் ஓரத்தில் வைரத் துணுக்குகளை உலோகப் பொடியில் பதித்திருப்பார்கள். கல் உரச உரச உலோகம் தேய்ந்து புதுத் துணுக்கு வெளியே வரவேண்டும். கல் மிகக் கடினமாக இருந்தால் உலோகம் தேயாது. மேலே இருக்கும் துணுக்குகள் மட்டும் மழுங்கிவிடும். மேஸ்திரி ஓரமாகக் கிடந்த சொரசொரப்பான நாட்டுச் செங்கல்லை இழுத்தார். “இதுல ரெண்டு இழு இழுத்தா பல்லு வந்துரும்.” வந்தது.

பக்கத்தில் ஒரு பையன், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலிலிருந்து வெட்டின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். மெஷினோடு வரும் தண்ணீர்க் குழாயைப் பலர் அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். இங்கே குழாய் உடைந்திருந்தது, பாட்டிலாவது இருந்தது. வரும் வழியில் வேறொரு வீட்டில் வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு ஒருவர் உலர்வாகவே அறுத்துக்கொண்டிருந்தார். தெருவே வெண்மூட்டமாக இருந்தது.

பேவர் கல்லில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கருங்கல்லை உடைத்த ஜல்லியும் எம்-சாண்டும். கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. உலர்வாக அறுத்தால் அது கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலின் அடிவரை போகும். கர்ச்சீப் அதைத் தடுக்காது. அப்படி வரும் சிலிகோசிஸுக்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. பலமனேருக்கு மேற்கே எல்லை தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது அந்தச் சுரங்கத்தில்தான் என்று மருத்துவ நூல்கள் 1947-ஐக் குறிக்கின்றன. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதே தூள் இன்று வீட்டு வாசலில் பறக்கிறது. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

தண்ணீர் விட்டால் தூள் அடங்குகிறது, ஆனால் கையில் இருப்பது மின்சார மெஷின். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட வயரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கிடந்தால் அது வேறு எமன். மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி உள்ள இணைப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். வயரை உயரத்தில் தொங்கவிட வேண்டும். அறுத்த சேற்றைக் காயவிடாமல் அன்றைக்கே வழித்துவிட வேண்டும். காய்ந்தால் அது மறுபடி தூள்தான். எளிய தூசி முகமூடி போதாது, குறைந்தது என்95 ஆவது கட்டிக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம் முகமூடி இருந்தது. பையனிடம் இல்லை. அதைச் சொன்னேன். அவர் பையனைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. கல்லைச் சுவருக்கு இணையாக அடுக்கினால் ஓரத்தில் அரைக்கல் வைத்தே பெரும்பாலும் முடித்துவிடலாம். சில தொழிற்சாலைகள் அரைக்கல்லாகவே தருகின்றன. அழகுக்காக 45 பாகை சாய்த்துப் போடச் சொன்னால் நாலு ஓரத்திலும் ஒவ்வொரு கல்லையும் அறுக்க வேண்டும். அத்தனை அறுப்பும் யாரோ ஒருவரின் மூச்சில் போகிறது.

கிளம்பும்போது மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் போர்வெல் போடவில்லை போலிருக்கிறது. “சதுர அடிக்கு ரேட்டு அப்பறம் பேசலாம்ணா. மொதல்ல ரெண்டு டிரம்மு தண்ணி வெக்கணும். அது இல்லாம நா மெஷின எடுக்க மாட்டேன்.” எதிர்முனையில் ஏதோ மறுத்தார்கள். அவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.