அட்வான்ஸ் கணக்கில் ஒளிந்திருக்கும் சாதி

வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000 என்று போனில் சொன்ன வீட்டுக்காரர், நேரில் போனதும் கேட்டார்: "சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். அடுத்த நிமிடமே அட்வான்ஸ் 80,000 ஆகிவிட்டது. "பத்து மாசம்னா பாருங்க, இல்லைன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்றார். சென்னையில் அந்த மாதம் நான் பார்த்த நான்காவது வீடு அது.

தோழர்களே, இந்த 80,000 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 'உங்களுக்கு வீடு தர மாட்டேன்' என்ற சொல் எங்கும் வரவில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது? அட்வான்ஸ் அதிகம் கேட்டார் என்றுதான் எழுத முடியும்.

சரி, அதற்காவது சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 8,000 வாடகைக்கு 24,000தான். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் அதே பிரிவு, 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர' என்று ஒரு விலக்கும் தருகிறது. பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் வரம்பு போயிற்று. மூன்று வீடுகளில் கதவு சாத்தப்பட்டவர் நான்காவது வீட்டில் பேரமா பேசுவார்? ஒப்பந்தம் என்பது சமமான இருவருக்கு இடையே நடப்பது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சாதி அந்தச் சமத்துவத்தை வாசலிலேயே பறித்துவிடுகிறது.

ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைக்கிறது. ஒப்பந்தத்தைக் காட்டி அதை மீற இடமில்லை. ஆனாலும் அது மாதிரிதான், மாநிலம் சட்டமாக்கினால்தான் செல்லும். சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இந்த இரண்டிலுமே இல்லை. கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியலிடும் அரசமைப்பின் 15(2)ஆவது பிரிவிலும் வாடகை வீடு என்ற சொல் கிடையாது.

ஆகவே கோரிக்கை இரண்டு: 11ஆவது பிரிவின் விலக்கை நீக்க வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பதையும் தொகையை ஏற்றுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

அதுவரை, படிப்பு முடித்து நகரத்துக்கு வரும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கட்டுங்கள். முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். காலி செய்யும் நாளில் நம் பணத்துக்குச் சாட்சி அந்தக் காகிதம்தான்.