மெல்லொலியும் ஓர் அமானிதம்

ஓசை பெரிதாயிருப்பது வேறு. ஓசை செவ்விதாயிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். கல்யாண வீடாயினும், கட்சிக் கூட்டமாயினும், மீலாது மேடையாயினும், ஒலிபெருக்கி எத்தனை தெருவுக்குக் கேட்டது என்பதே பேச்சாகிறது. பேசியவரின் சொல் எத்தனை செவிகளில் சிதையாமல் விழுந்தது என்று கேட்பார் அரியர். மேகமலைச் சாரலில், மூல வைகை வளைந்தோடும் வருசநாட்டில் இருந்துகொண்டு, நமது கையாலேயே ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டி, அதன்முன் இரவுதோறும் அமர்ந்து வருகின்ற நாம், இவ்வேற்றுமை குறித்துச் சில எண்ணங்களை வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேலை எதற்கு என்று சிலர் வினவினர். உண்மையில், நாம் ஓதிய கல்விதான் நம்மை அவ்வேலைக்கு இழுத்துச் சென்றது. தஜ்வீத் என்னும் ஓதற்கலை எழுத்துகளின் பிறப்பிடத்தையும் பண்பையும் ஆராய்வது. 1429இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரீ அவர்கள் அப்பிறப்பிடங்களை 17 என வகுத்தார்கள். ஃபே, ஷீன், ஸீன், ஸாத் முதலிய 10 எழுத்துகள் ‘ஹம்ஸ்’ என்னும் பண்புடையவை. அவற்றை ஒலிக்கையில் மூச்சு மெல்லக் கசிந்தோட வேண்டும். நாவின் பின்புறம் தாழ்ந்திருந்தால் ஸீன், மேலெழுந்தால் ஸாத். ஸீன் கொண்டு சொன்னால் ‘ஸைஃப்’ என்பது வாள். ஸாத் கொண்டு சொன்னால் கோடைக்காலம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே நிற்கின்றன. வேற்றுமையைக் காட்டிக் கொடுப்பது செவி ஒன்றே.

தமிழும் இவ்வகையில் குறைந்ததன்று. தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லப் பிறப்பியல் என்று ஓர் இயலையே வகுத்தார். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று அளந்து வைத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். ஒரு மாத்திரை என்பதே கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். அதிலும் காற்பங்கு ஓசைக்கு ஒரு பெயரிட்டு, இலக்கணத்தில் ஓர் இடமும் கொடுத்த பெருமக்களின் வழியில் வந்தவர்கள் நாம். சிற்றொலியைப் பேணுவது அரபுக் கல்விக்கும் தமிழ்க் கல்விக்கும் பொதுவான அறம்.

இனிக் கருவிக்கு வருவோம். 1970களின் இறுதியில் நமது அத்தாவின் பலசரக்குக் கடையில் ஒரு வால்வு வானொலி இருந்தது. திருகியவுடன் பேசாது, வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். பின்னர் அதனுள்ளிருந்து திருச்சி நிலையமும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் பேசும். நாகூர் ஹனீபா பாடுவார். 1980களில் வளைகுடா சென்று மீண்டவர்கள் டேப் ரிக்கார்டர்களையும், எகிப்தின் காரீ அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் அவர்களின் ஒலிநாடாக்களையும் கொணர்ந்தனர். ஓசை உரத்தது. ஆயினும் ஓதுபவரின் குரல் தணிந்து, மூச்சு அடங்கும் இடங்களில் ஒரு சொரசொரப்புத் தட்டுப்பட்டது. தேய்ந்த நாடாவுக்கும் சிறிய ஸ்பீக்கருக்கும் அதில் பங்குண்டு. மற்றொரு பங்கு ஆம்ப்ளிஃபயருடையது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தோம்.

மரவாடியில் நீண்ட ரம்பத்தை இருபுறமும் இருவர் பிடித்து அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக் கொடுப்பார். பிறகு அவர் இழுப்பார், இவர் விடுவார். ஒலியலையும் அப்படியே மேலும் கீழுமாக அசைவது. மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டர் சுமக்க, கீழ்ப் பாதியை மற்றொன்று சுமக்க, ஒன்று உழைக்கையில் மற்றது உறங்கும் முறைக்கு ‘கிளாஸ் பி’ என்று பெயர். மின்சாரம் மிச்சமாகும், பேட்டரியில் ஓடும் சிறு வானொலிகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் இன்றைய சிலிக்கன் டிரான்சிஸ்டர் ஏறக்குறைய 0.6 வோல்ட் கிடைத்தாலன்றி விழிப்பதில்லை. கைம்மாறும் அந்தக் கணத்தில் அலையில் ஒரு வடு விழுகிறது. உரத்த ஓசையில் அவ்வடு மறைந்துவிடும். மெல்லோசையிலோ, அலையே சிறிது. வடு அதே அளவு. ஆகவே கிழிந்த சிறு துணியில் கிழிசல் பெரிதாய்த் தெரிவதுபோல் அது தெரியும்.

இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரு கணமும் உறங்காமல், அலை முழுவதையும் சேர்ந்தே சுமக்கும் முறை ‘கிளாஸ் ஏ’. அத்தாவின் கடையிலிருந்ததுபோல் ஒற்றை வால்வு கொண்டு ஸ்பீக்கரை இயக்கிய பழைய வானொலிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இதில் கைம்மாற்றம் இல்லை. ஆதலால் வடுவும் இல்லை. ஓசை சிறுக்கச் சிறுக்கப் பிழையும் சிறுத்துக்கொண்டே போகும். நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். இன்று பெரிதும் வழங்கும் ‘ஏபி’ முறையில், டிரான்சிஸ்டர்களை அரைவிழிப்பில் வைத்து அவ்வடுவைப் பெரும்பாலும் போக்கிவிடுகிறார்கள். நன்கு கட்டப்பட்ட அத்தகைய கருவிக்கும் கிளாஸ் ஏ கருவிக்கும் வேற்றுமை காண்பது கூரிய செவிக்கும் அரிது. ஆயினும் வீட்டில் கட்டுவோர்க்கு, எளிய வரைபடத்தில் தூய ஒலி பெற, கிளாஸ் ஏ ஒரு நேர்வழி.

அந்த எளிய வரைபடத்தை வழங்கியவர் ஜான் லின்ஸ்லி ஹூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1969 ஏப்ரல் மாத ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் அவர் அதனை வெளியிட்டார். ஒரு பக்கத்துக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள். கிடைப்பது 10 வாட். 1996இல் அவரே அதனைப் புதுப்பித்து எழுதினார். 2004இல் அவர் மறைந்த பின்னும், உலகின் பல மூலைகளில் அந்த வரைபடத்தை மேசைமீது விரித்து வைத்துக் கட்டுகின்றவர்கள் உளர். தாம் அறிந்ததைப் பிறர் கைக்கு எட்டும்படி எழுதி வைத்துச் செல்வதும் நிலைத்த தருமமன்றோ!

வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பழகிய நமது சகோதரி மகன் துணை நின்றார். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உறுப்புகள் வந்தன. முடிவில் நின்று சுமக்கும் இடத்துக்கு, இரும்புத் தொப்பி அணிந்ததுபோன்ற 3055 வகை டிரான்சிஸ்டர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட் மின்னழுத்தம், 1.2 ஆம்பியர் மின்னோட்டம் என்பது ஹூட் விதித்த கணக்கு. நடுப்புள்ளியில் அதன் சரிபாதி, 13.5 வோல்ட், நிற்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கும், சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே மைக்கா வில்லையிட்டு முடுக்கினோம். முதலில் ஸ்பீக்கரை இணைக்கவில்லை. மல்டிமீட்டரின் முள் 13.5இல் அமைதியாக நின்ற பிறகு, ஒரு மணி நேரம் சூடேறவிட்டு, மீண்டும் அளந்து, அதன் பின்னரே இணைத்தோம். “மாமு, இது பாடுறதுக்கு முன்னாடியே அடுப்பு மாதிரி காயுதே!” என்று மருமகன் வியந்தார். குழந்தைகளின் கை படாதிருக்கத் தகடுகளைச் சுற்றிக் கம்பி வலை அடித்தோம்.

ஸ்பீக்கர் பெட்டியை உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்தார். பெட்டிக்குள் ஒலி எதிரொலித்துக் குழம்பாதிருக்கப் பஞ்சு அடைப்பது வழக்கம். வருசநாட்டில் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமா? தலையணைக்குப் போக எஞ்சியது பெட்டிக்குள் போயிற்று.

முதலில் நாம் கேட்டது, 1980இல் மறைந்த காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் ஓதல். முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1961இல் எகிப்தில் வெளிவந்தபோது, அதில் ஓதியவர் அவர்களே. எழுத்துகளைப் பிழையின்றி மக்கள் கற்க வேண்டுமென்ற நோக்கத்தில் எழுந்த பதிவு அது. இஷாவுக்குப் பின், தெரு அடங்கிய வேளையில், பக்கத்து வீட்டுக்கும் கேளாத அளவில் வைத்தோம். வசனத்துக்கு முன் அவர்கள் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. ஸீனின் கசிவும் ஸாத்தின் கனமும் தனித்தனியே நின்றன. வசனம் முடிந்து குரல் அடங்குகையில் அது வெட்டுண்டு விழவில்லை; மாலை வெளிச்சம்போல் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தது. பிறகு 2015இல் மறைந்த நாகூர் ஹனீபா அவர்களின் பழைய பதிவொன்று. கம்பீரக் குரல் என்றே நாமெல்லோரும் அறிந்த அக்குரலில், சொல்லின் கடைசியில் எத்தனை குழைவு இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மகிழ்ச்சிக்கு இடையே ஒரு வினா எழுந்தது. எழுப்பியவர் நம்மிடம் ஓதும் மாணவர். “ஹஜ்ரத், ஓடுகின்ற ஆற்றில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பாடம் சொல்கிறீர்கள். இந்தப் பெட்டி பாடாதபோதும் மின்சாரத்தைக் குடிக்கிறதே, இது இஸ்ராஃப் ஆகாதா?”

தட்டிக் கழிக்கத் தக்க கேள்வியன்று அது. 27ஐ 1.2ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு 32 வாட். இரு பக்கத்துக்கும் சேர்ந்து ஏறக்குறைய 65 வாட். மெல்லிய அளவில் கேட்கையில் ஸ்பீக்கருக்குச் செல்வதோ ஒரு வாட்டிலும் குறைவு. மற்றதெல்லாம் வெறும் சூடு. இக்கருவியின் விந்தை, ஒலியே இல்லாத மௌனத்தில்தான் அந்த டிரான்சிஸ்டர்கள் மிகுதியாகச் சூடாகின்றன. வாங்கும் மின்சாரத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் பயனாக்கும் ‘கிளாஸ் டி’ கருவிகள் மலிந்துள்ள காலத்தில், இதற்கு நியாயம் சொல்லியாக வேண்டும்.

மாணவருக்கு நாம் சொன்ன விடை இது. வீண் என்பதைச் செலவின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. செலவுக்கும் பயனுக்கும் உள்ள உறவு தீர்மானிக்கிறது. கேட்பாரின்றி நாள் முழுதும் ஓடவிட்டால், இது மட்டுமன்று, ஐந்து வாட் கருவியும் வீண்தான். ஆகவே இதற்கு ஒரு வரையறை விதித்தோம். இரவில் ஒரு மணி நேரம். அமர்ந்து கேட்பதற்கு மட்டும். உண்ணும்போதோ உரையாடும்போதோ இது ஓடலாகாது. அந்தக் கணக்கில் மாதத்துக்குச் செலவு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். மாணவர் சற்றே சிந்தித்து, “அப்படியானால் கேட்காமல் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் வீணாக்குகிறார்கள் ஹஜ்ரத்” என்றார். நாம் சொல்ல நினைத்ததை அவர் நம்மினும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

இவ்வரையறையால் விளைந்த நன்மை, கருவியால் விளைந்த நன்மையினும் பெரிது. கைப்பேசியில் எந்நேரமும் ஏதேனும் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க, எதையும் கேளாதிருக்கப் பழகிவிட்டன நம் செவிகள். திருமறை ஓதப்படும்போது மௌனமாகச் செவிதாழ்த்த வேண்டுமென்பதை அறிந்தவர்களின் இல்லங்களிலேயே, ஓதல் ஒருபுறமும் அரட்டை ஒருபுறமும் நடக்கக் காண்கிறோம். விலையுடைய பொருளாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கியபோது, வீட்டார் அனைவரும் வந்து அமர்ந்தனர்; பேசாதிருந்தனர்.

வாரம் ஒருமுறை ஓதும் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்துகிறோம். ஒரே எழுத்தாகத் தம் காதில் விழுந்து வந்த ஸே, ஸீன், ஸாத் மூன்றையும் அவர்கள் விரல் மடக்கிப் பிரித்துச் சொல்கிறார்கள். காது பிரித்தறிந்ததை நா சில நாளில் கற்றுக்கொள்கிறது.

வாசகர் யாவரும் இத்தகைய கருவி கட்ட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவர் நமக்காகப் பேசுகின்ற சொல்லும், ஓதுகின்ற எழுத்தும், நம் செவியிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அதில் உரத்த பகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு மெல்லிய பகுதியைச் சிந்திவிடுவது முறையாகாது. வீட்டிலிருக்கும் கருவி எதுவாயினும், இன்றிரவு அதன் ஓசையை ஒரு படி குறைத்து வையுங்கள். மற்ற ஓசைகளையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.