மூன்று சிறு தகடுகள்

கடந்த வருடம் ஒரு மாலை, மேலதிக வகுப்பு முடிந்து வாசலில் நின்றேன். கூட்டிச் செல்ல வரவேண்டிய நானாவைக் காணவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது அழைப்புக்காக அவர் சட்டைப் பைக்குள் கையை விட்ட நேரம், மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு மாடு வந்துவிட்டது.

தலைக்கவசம் தலையைக் காத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது நாடியை மூடாத வகை. கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்திருந்தது: இடப்பக்கம் முன்னால், வலப்பக்கம் காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில். வளைந்த எலும்பு என்பதால் ஒரு பக்கம் படும் அடி மறுபக்கத்தையும் உடைப்பது வழக்கமாம்.

"எப்படி மகன் விழுந்தாய்?" என்று உம்மா அழுதார். வாய் வீங்கிப் பேச முடியாத நானா, என் உயிரியல் கொப்பியில் "மாடு" என்று மட்டும் எழுதினார். உம்மா நகர்ந்ததும் அடுத்த பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "கோல் வந்ததச் சொல்லாத."

நானும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, நாலைந்து வாரம் வாயைத் திறக்க விடமாட்டார்களாம். 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மக்ஸிம் சாம்பி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தாடையில் விசை எப்படி விழுகிறது என்று ஆராய்ந்தார். கடிக்கும்போது உடைவின் மேல் விளிம்பு விலகப் பார்க்கும். கீழ் விளிம்பு நெருங்கும். எனவே தாடை வளையும் இடத்தில், விலகும் பக்கமாக ஒரு சிறு தகட்டைத் திருகாணிகளால் பொருத்தினால் போதும். முன்பக்கத்தில் முறுக்கு விசையும் உண்டு என்பதால் அங்கே இரண்டு. நானாவுக்கு மொத்தம் மூன்று டைட்டேனியத் தகடுகள். ஒவ்வொன்றும் சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்பு. வாய்க்குள்ளால் வைத்ததால் முகத்தில் தழும்பில்லை.

முதலில் பற்களைப் பழைய கடிக்குக் கொண்டுவந்து தற்காலிகமாகக் கட்டிவிட்டுத்தான் எலும்பைப் பொருத்துவார்களாம். "பல் சரியாகச் சேர்ந்தால்தான் எலும்பும் சரி" என்றார் வைத்தியர்.

அதன்பின் ஆறு வாரம் கஞ்சியும் சூப்பும். உம்மா ஒவ்வொரு வேளையும் அரைத்து வடித்துக் கொடுத்தார். வழியில் திரிந்த மாடுகளை ஏசிக்கொண்டே கொடுத்தார். பக்கத்தில் நின்று கோப்பை கழுவிய எனக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது, பேச்சுத்தான் வரவில்லை.

கடைசியாகக் காட்டப் போனபோது வைத்தியர் கேட்டார்: "பல் முந்தி மாதிரிச் சேருதா?" நானா மெதுவாகக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிரவு ரொட்டி சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. இஷாத் தொழுகைக்குப் பிறகு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் ஓடும்போது போனை எடுத்திருக்கப்படாது. நீயும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் மகள்" என்றார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

நானாவின் கீழுதட்டில் ஓர் ஓரம் இன்னும் விறைப்பாக இருக்கிறதாம். நரம்பு மெதுவாகத்தான் வரும் என்கிறார்கள். இப்போது வகுப்பு முடிந்தால் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் காத்து நிற்கிறேன். அவர் வரும்வரை துஆக் கேட்கிறேன்.